டிராபிகல் டயலும் மும்பை ஸ்பெஷலும்: ஏலப் பட்டியலின் சொல்லரசியல்

பழங்கடிகார ஏலங்களில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று ‘டிராபிகல் டயல்’. மற்றொன்று ‘மும்பை ஸ்பெஷல்’. இரண்டும் வெப்பமண்டலத்தை நினைவூட்டுபவை. இரண்டும், தொழிற்சாலையில் பெற்ற நிறத்தை இழந்துவிட்ட முகப்பைக் குறிக்கப் பயன்படுபவை. முதற்சொல் பட்டியலில் ஏறினால் கடிகாரத்தின் விலை உயர்கிறது. இரண்டாம் சொல் ஒட்டிக்கொண்டால் சேகரிப்பாளர் அதைத் தொடவும் கூசுகிறார். இவ்வேறுபாடு முற்றிலும் தொழில்நுட்பம் சார்ந்தது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. அவ்வாறன்று என்பதே இப்பதிவின் வாதம்.

சொற்பொருளிலிருந்து தொடங்குவோம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான சில கறுப்பு டயல்களின் வண்ணம் நிலைத்து நிற்கும் தன்மையற்றது. வெயிலும் வெப்பமும் பட்டு அது நாளடைவில் பழுப்பாகிவிட்டது. வெளிப்படையாகச் சொன்னால் அது ஓர் உற்பத்திக் குறைபாடு. அக்குறைபாட்டுக்குச் சந்தை இட்ட செல்லப்பெயரே ‘டிராபிகல்’. ‘மும்பை ஸ்பெஷல்’ என்பதோ, அரித்துப்போன டயலுக்கு மறுவண்ணம் பூசி, கிடைத்த முள்ளையும் கேஸையும் பொருத்தி, மீண்டும் ஓடவைக்கப்பட்ட கடிகாரத்துக்கு இடப்பட்ட வசைப்பெயர். முதலாவதில் மாற்றத்தைச் செய்தது வெயில். இரண்டாவதில் ஒரு தொழிலாளியின் கை. வெயில் செய்தால் அழகு, கை செய்தால் அழுக்கு என்னும் இம்மதிப்பீடு எங்கிருந்து வந்தது?

இந்நாட்டில் கடிகாரம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அறியாதவர்களே இவ்வாறு மதிப்பிட இயலும். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை விரித்து சுவிஸ் கடிகாரங்களை விற்றது. அதன் புகழ்பெற்ற ‘சோவார்’ வரிசையின் பெயரே, குதிரை வீரனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஐரோப்பாவில் செய்த பாக்கெட் கடிகாரங்களின் டயலில் தன் பெயரையும் மதராஸ் என்னும் ஊர்ப்பெயரையும் பொறித்து விற்றது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து எச்.எம்.டி. பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. அதற்குப் பின்னரும் சுவிஸ் கடிகாரங்களுக்கான உதிரிபாகம் எளிதில் கிட்டும் பொருளாக இருக்கவில்லை. மழைக்கால ஈரம் கேஸுக்குள் புகுந்து டயலை அரித்தது. திருமணச் சீராக வந்த கடிகாரத்தை, தந்தை கட்டி மகனுக்குத் தந்த கடிகாரத்தை, முகம் மங்கிவிட்டது என்பதற்காக எவரும் எறிந்துவிடவில்லை. மணி பார்ப்பதற்கு எண்கள் தெரிய வேண்டும். ஆகவே வண்ணம் பூசினர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதை நாம் மோசடி என்பதில்லை. பயன்பாட்டில் உள்ள பொருளுக்குச் செய்யும் வழக்கமான பராமரிப்பு அது.

இங்கே எழக்கூடிய மறுப்பை அறிவேன். இன்று இணையச் சந்தையில் குவியும் மறுவண்ணக் கடிகாரங்களுள் பல, ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டவை. மூட முடிவெடுக்கப்பட்டு, 2016-இல் உற்பத்தி முடிவுக்கு வந்த எச்.எம்.டி.யின் பழைய இயந்திரங்களுக்கு, அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத வண்ணங்களில் டயல் பொருத்தி, ‘பயன்படுத்தப்படாத பழைய சரக்கு’ என்று விற்கிறார்கள். இது பொய், கண்டிக்கத்தக்கது. ஆனால் அப்பொய் தூரிகையில் இல்லை, விற்பவரின் வாக்கியத்தில் இருக்கிறது. மறுவண்ணம் பூசப்பட்ட டயலை அவ்வாறே அறிவித்து விற்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. பேச்சுச் செயல் கோட்பாட்டை முதலாண்டில் படித்த மாணவருக்கும் விளங்கக்கூடிய இவ்வேறுபாட்டை, பெருநூல்கள் வெளியிடும் கடிகார வல்லுநர்கள் காண மறுக்கிறார்கள். ஒரு விற்பனையாளரின் பொய்யை ஒரு நகரத்தின் இயல்பாக்கிப் பெயர் சூட்டுகிறார்கள்.

நகரத்தின் பெயரைச் சூட்டும் உரிமை எவருக்கு உண்டு என்பதையும் பார்ப்போம். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்பட்ட ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விலைபோனது. அதன் பெருமைகளுள் ஒன்று பழுப்பேறிய டிராபிகல் டயல். வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் ஒமேகாவே உண்மையை ஒப்புக்கொண்டது: அது வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்ட ஒட்டுக் கடிகாரம், தன் முன்னாள் ஊழியர்கள் இதில் உடந்தை. பாகங்களைச் சேர்த்து ஒட்டுவது இழிவென்றால், அவ்விழிவின் உச்சம் நிகழ்ந்தது மும்பையின் நடைபாதையிலா, ஜெனீவாவின் ஏல மன்றத்திலா? இருந்தும் ‘ஜெனீவா ஸ்பெஷல்’ என்னும் தொடர் எந்தச் சேகரிப்பாளரின் அகராதியிலும் ஏறவில்லை. அங்கே நிகழ்ந்தது சில தனிமனிதரின் குற்றம். இங்கே நிகழ்வது ஓர் ஊரின் குணம். காலனியம் நமக்கு விட்டுச்சென்ற இலக்கணம் இதுதான்.

நான் வாழும் ஹைதராபாத்தில் இதற்கு எதிரான இலக்கணம் ஒன்று கண்முன்னே இயங்குகிறது. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் இசைக்கடிகாரத்தின் முன் மணிக்கொரு முறை கூட்டம் திரள்கிறது. தாடி வைத்த சிறு பொம்மை வெளியே வந்து மணியடிப்பதைக் காணக் குழந்தைகளும் முதியோரும் காத்திருக்கிறார்கள். சார்மினாரின் நான்கு பக்கங்களிலும் 1889-இல் பொருத்தப்பட்ட கடிகாரங்கள் இன்றும் நகரத்துக்கு மணி காட்டுகின்றன. பல கைகள் தொட்டதால்தான் இவை ஓடுகின்றன. தமிழில் கடிகாரம், தெலுங்கில் கடியாரம், உருதுவில் கடீ: மூன்றும் நேரம் அளந்த நீர்க்கலத்தின் பெயர்வழியில் வந்தவை. பழைய கடிகாரத்தைக் கண்டதும் நாம் இயல்பாகக் கேட்பது, ‘ஓடுகிறதா?’ என்று. ஏலப் பட்டியல் கேட்பதோ, ‘தொடப்படாததா?’ என்று. மொழி சிந்தனையைச் சிறையிடுகிறது என்னும் பழைய கருத்தை நான் இங்கே முன்வைக்கவில்லை. இரு வேறு சமூகப் பழக்கங்கள் இரு வேறு கேள்விகளை ஈனுகின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் அறிவியல் என்று வேடமிடுகிறது என்பதே என் முறையீடு.

ஆய்வாளர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. பொருள்சார் பண்பாட்டு ஆய்வுகளில் ஏலப் பட்டியல்கள் சான்றாவணங்களாக மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றில் ‘உடைமை வரலாறு’ என்ற பகுதி உண்டு. நடிகர் பால் நியூமன் அணிந்தது என்பதால் ஒரு ரோலக்ஸ் 2017-இல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விற்றது. காந்தியடிகளின் ஜெனித் பாக்கெட் கடிகாரமும் கண்ணாடியும் செருப்பும் உள்ளிட்ட தொகுதி 2009-இல் அதே நகரில் 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையாவிடம் சென்றது. உடைமை வரலாறு உடையவர்களை மட்டுமே அறியும். அக்கடிகாரங்களை ஆண்டுதோறும் பிரித்து, கழுவி, எண்ணெயிட்டவர் யார் என்பதை அது கேட்பதில்லை.

இத்தனைக்கும் அவர்கள் எழுத்து விட்டுச் சென்றிருக்கிறார்கள். பழைய கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தால், பழுதுபார்த்தவர் ஊசியால் கீறிய தேதியும் எண்ணும் குறியும் தென்படும். நாளும் பணியும் குறிக்கும் சிறு கல்வெட்டுகள் அவை. ஏலப் பட்டியல் அவற்றைப் படியெடுப்பதில்லை. புதிய சேகரிப்பாளர் சிலர் அவற்றை மெருகிட்டு அழித்தே விடுகிறார்கள். பழைய நகரின் பழுதுபார்க்கும் மேசைகளில் தக்கனியிலும் தெலுங்கிலும் புழங்கும் தொழிற்சொற்களுக்கும் இதே கதிதான். சாவி கொடுக்கும் கடிகாரத்தைக் கையாளத் தெரிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களோடு ஒரு சொற்றொகுதியும் மறையப்போகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஏலப் பட்டியலை மேற்கோள் காட்டும் ஆய்வேடு, அதன் சொற்களை நடுநிலைக் கலைச்சொற்களாக ஏற்காமல் விசாரணைக்கு உட்படுத்த வேண்டும். அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள கடிகாரங்களின் பின்மூடிக் கீறல்களைப் படமெடுத்து, பொருட்பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மொழியியல் துறைகள், களப்பணிக்காக மாணவர்களைத் தொலைதூர மலைகளுக்கு அனுப்பும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும், தம் வளாகத்திலிருந்து நகரப் பேருந்தில் சென்றடையக்கூடிய கடிகாரக் கடைகளுக்கு ஒதுக்க வேண்டும்.

சேகரிப்பாளர் நண்பர்கள் சினம் கொள்வீர்கள் என்பதை அறிவேன். மறுவண்ணம் பூசிய கடிகாரத்தை அதிக விலைக்கு வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை; உங்கள் பணம், உங்கள் விருப்பம். நீங்கள் வாங்க மறுக்கும் பொருளுக்கு என் நாட்டு ஊரின் பெயரை இடாதீர்கள் என்று மட்டுமே கேட்கிறேன். மறுப்புரைகளைச் சான்றுகளுடன் எழுதுங்கள், விடையளிக்கிறேன்.