எழுத முடியவில்லை என்று சொல்லும் மென்பொருள் வேண்டும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியையொட்டிக் கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் தரப்படும் என்று அரசு அறிவித்தது. உப்பு விளையாத மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் தரும் திட்டம் 2022 முதல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் உண்டு. இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கணினியில் ஒரு பெயர் ஒழுங்காகப் பதிவாகியிருப்பதைப் பொறுத்தவை. இந்தக் கரையோரத்தில் மிக அதிகமான பதிவுகள் எழுதப்படும் நாட்களும், மின்சாரமும் இணைப்பும் மிக மோசமாக இருக்கும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. புயல் ஓய்ந்த மறுநாள்தான் இழப்புக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. ஆகவே, ஒரு பதிவை டிஸ்க்கில் எழுதும் செயல், அதாவது எழுத்து, தவறினால் மென்பொருள் என்ன செய்கிறது என்ற கேள்வியைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. அரசு பணம் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு சேமிப்பு மென்பொருளிடமும் பொதுமக்கள் சார்பில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்று அரசுத் தரவு மையங்களில் ஒரு சேவைக்கு ஒரு தனிப்பெட்டி என்று வைப்பது குறைவு. ஒரே பெரிய சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஒரு முழு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். உண்மையில் அது பெரும்பாலும் ஒரு கோப்புதான். அதற்கு டிஸ்க் இமேஜ் (படிமம்) என்று பெயர். 500 ஜிகாபைட் டிஸ்க் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தொடக்கத்தில் அந்தக் கோப்பு சில மெகாபைட்கூட இருக்காது. உள்ளே எழுத எழுதத்தான் வெளியே இடம் ஒதுக்கப்படும். இதனால் பணம் மிச்சமாகிறது, அதில் தவறில்லை. ஆனால் ஒதுக்கீடு செய்யும் அந்தச் சிறு நிரல்பகுதியின் தோளில் பெரும் பொறுப்பு ஏறிவிடுகிறது. எந்தத் துண்டு காலி, எது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கணக்கு தப்பினால், அதன் மேல் கட்டப்பட்ட எந்தத் தரவுத்தளமும் தப்பாது.

மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தும் கியூகவ்-2 வடிவத்தை எடுத்துக்கொள்வோம். கோப்பு இயல்பாக 64 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண்ணிக்கைப் பதிவேடு உண்டு. மெய்நிகர் டிஸ்க்கின் எந்தப் பகுதி எந்தத் துண்டில் இருக்கிறது என்று காட்ட இரண்டு அடுக்கில் முகவரி அட்டவணைகள் உண்டு. புதுத் துண்டு வேண்டுமென்றால் முதலில் எண்ணிக்கைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும், பிறகு தரவை எழுத வேண்டும், கடைசியாகத்தான் முகவரியை அட்டவணையில் சேர்க்க வேண்டும். மரக்காணத்தில் ஓர் உப்புப் பாத்தியை ஒருவருக்கு விடுவதைப் போன்றது இது. ‘இந்தப் பாத்தி இன்னாருக்கு’ என்று முதலில் பதிந்துவிட்டுப் பிறகு அவரை நீர் பாய்ச்சச் சொன்னால், நடுவில் என்ன தடங்கல் வந்தாலும் ஒரு பாத்தி சும்மா கிடக்கும், அவ்வளவுதான் நட்டம். முதலில் நீர் பாயட்டும், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, அந்தப் பதிவும் எழுதப்படாமல் போனால், அதே பாத்தி காலி என்று நினைத்து இன்னொருவருக்கு விடப்படும். ஒருவர் வார வேண்டிய உப்பின்மேல் மற்றவர் புதுநீரைத் திறந்துவிடுவார். கியூஎமுவின் சரிபார்ப்புக் கருவியும் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எண்ணிச் சொல்கிறது. எண்ணிக்கை கூடுதலாக இருந்து இடம் வீணாவது ஒரு வகை. அட்டவணை சுட்டும் துண்டு பதிவேட்டில் காலி என்று கிடப்பது இன்னொரு வகை. முன்னதை ஆற அமரச் சரிசெய்யலாம். பின்னது கண்ட மாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய நிலை.

வரிசையைச் சரியாக வைப்பது பாதி வேலைதான். அந்த வரிசையின் நடுவில் ஓர் எழுத்து தவறினால் எப்படிப் பின்வாங்குவது என்பதில்தான் நிரலாளரின் திறமை தெரியும். வேகத்துக்காக அட்டவணையின் நகல் ஒன்று நினைவகத்தில் இருக்கும். நகலில் மாற்றம் செய்தாகிவிட்டது, டிஸ்க்கில் எழுதப் போனபோது இடமில்லை என்று பிழை வந்தது என்று வையுங்கள். நகலை உடனே பழைய நிலைக்குத் திருப்பவோ தூக்கி எறியவோ வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால், டிஸ்க்கில் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி அடுத்தடுத்த வேலைகள் நடக்கும். பதிவேடே நிரம்பி, அதற்கே புதுத் துண்டு ஒதுக்க வேண்டிய கட்டம் இன்னும் சிக்கலானது. பதிவேடு தன்னைப் பற்றிய கணக்கைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும், அந்த எழுத்தும் தவறலாம். இத்தகைய பாதைகள் இயல்பான நாளில் ஓடவே ஓடா. ஆகவே அவற்றில் உள்ள பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாது. கியூஎமு நிரலாளர்கள் 2010-இல் இதற்கென்றே ஒரு கருவியைச் சேர்த்தார்கள். பதிவேட்டை எழுதும் கணம், அட்டவணையைப் புதுப்பிக்கும் கணம் என்று ஒவ்வொரு கணத்திலும் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தி, படிமம் சிதையாமல் மீள்கிறதா என்று அது பார்க்கும். 2013-இல் இன்னொன்று வந்தது. சிதைவு தென்பட்டால் படிமத்தின் தலைப்பிலேயே ‘சிதைந்தது’ என்று குறிப்பு விழும், சரிசெய்யும்வரை அதில் எழுத அனுமதி கிடையாது. இவை இரண்டும் எல்லாச் சேமிப்பு மென்பொருளுக்கும் பொதுவிதியாக வேண்டியவை என்பதே என் வாதம்.

பொதுவிதியாக இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. லினக்ஸ் 2.6-இன் எல்லாக் கோப்பு முறைமைகளையும் மூன்று முக்கியச் சேமிப்பு இயக்கிகளையும் அலசிய ஓர் ஆய்வை 2008-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. 1,153 இடங்களில், அதாவது ஆராய்ந்த நிரல் அழைப்புகளில் 13 சதவீதத்தில், வந்த பிழைச் செய்தி எதுவும் செய்யப்படாமல் கைவிடப்பட்டிருந்தது. படிக்கும்போது வரும் பிழைகளைவிட எழுதும்போது வரும் பிழைகளே அதிகம் புறக்கணிக்கப்படுவதையும் அந்த ஆய்வு உறுதிசெய்தது. பலவும் கவனப்பிசகாகத் தெரியவில்லை, தெரிந்தே விட்டவை போலத் தோன்றுகின்றன என்றும் அது கூறியது. என்னை மிகவும் கலங்கவைப்பது எழுதும் பிழைகள் அதிகம் புறக்கணிக்கப்படுகின்றன என்ற செய்திதான். படிக்க முடியாவிட்டால் கேட்டவர் உடனே அறிந்துவிடுவார். எழுத முடியாவிட்டால் அந்தக் கணத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. பல மாதம் கழித்துப் பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அப்போது அவர் சொல்வதை நம்பவைக்க அவரிடம் ஆதாரம் ஏதும் இருக்காது.

அனுபவமுள்ள கைகளும் இதில் தவறியிருக்கின்றன. உலகின் மிக நம்பகமான தரவுத்தளங்களில் ஒன்றான போஸ்ட்கிரெஸ், எழுதியதை டிஸ்க்கில் உறுதிப்படுத்தும்படி இயக்க முறைமையிடம் கேட்கும். முன்பு, பிழை வந்தால் மறுபடி கேட்டுவந்தது. இரண்டாம் முறை ‘சரி’ என்று பதில் வந்தால் தரவு பத்திரம் என்று எடுத்துக்கொண்டது. 2018-இல் அந்த நம்பிக்கை உடைந்தது. லினக்ஸ் பிழையை ஒரு முறை சொல்லிவிட்டு, எழுதப்படாத பக்கத்தையே எழுதப்பட்டதாகக் குறித்துவிடும். அதனால் இரண்டாவது ‘சரி’க்கு எந்தப் பொருளும் இருக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்த அனுமானத்தின் மேல் நிரல் ஓடியிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தம் கடுமையானது. அத்தகைய பிழை வந்தால் தரவுத்தளம் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, பத்திரமாக எழுதப்பட்ட பதிவுக் குறிப்புகளிலிருந்து மீண்டெழும். மறுமுயற்சி செய்து சமாளிப்பதைவிட நின்றுபோவதே நேர்மை என்று அந்தக் குழு முடிவெடுத்தது.

பேக்கப் இருக்கும்போது இத்தனை கவலை எதற்கு என்று கேட்பார்கள். நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் மறுப்பு இதுதான், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இருந்ததைத்தான் பேக்கப் நகலெடுக்கும். ஒதுக்கீட்டுக் கணக்கு தப்பி இரண்டு பேரின் தரவு ஒரே துண்டில் மேலெழுதப்பட்டிருந்தால், அந்தச் சிதைவும் இரவுதோறும் ஒழுங்காக நகலாகும். பழைய நல்ல நகல்கள் காலக்கெடு முடிந்து அழிந்துபோகும். மேலும் பேக்கப் எடுப்பதும் ஓர் எழுத்துச் செயல்தான், அதுவும் தவறும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, தினசரி பேக்கப் பல நாட்களாகவே தோல்வியடைந்து வந்தது தெரிந்தது. பதிப்புப் பொருத்தமின்மையால் நகல் உருவாகவில்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் நிராகரிக்கப்பட்டதால் யாருடைய கைக்கும் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நமக்குப் பக்கத்தில் இலங்கை அரசின் மேகக் கட்டமைப்பு 2023 ஆகஸ்டில் பணயத் தாக்குதலுக்கு ஆளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல் தரவுக்குத் தனித்துவைத்த நகல் இல்லாமல் போயிற்று. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இவை டிஸ்க்கில் எழுதும்போது வந்த பிழையால் நேர்ந்த இழப்புகள் அல்ல. பேக்கப் இருக்கிறது என்ற எண்ணமே எவ்வளவு பலவீனமான காவல் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிஸ்க் பிழை அரிதல்லவா என்பது அடுத்த கேள்வி. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை 32 மாதங்கள் கண்காணித்து 2007-இல் வெளியான ஆய்வில், 3.45 சதவீத டிஸ்க்குகளில் மறைந்திருந்த பழுதுப் பகுதிகள் வெளிப்பட்டன. ஒரு டிஸ்க்குக்கு அரிது, ஆயிரம் டிஸ்க் உள்ள மையத்துக்கு வழக்கம். தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் முறையில் ‘இடமில்லை’ என்ற பிழைக்கு டிஸ்க் பழுதாகவே வேண்டாம், எதிர்பார்த்ததைவிட அதிகமாக எழுதினால் போதும். நிவாரணக் கணக்கெடுப்பு வாரத்தில் நடக்கக்கூடியது அதுவே. வேகம் குறையுமே என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஒவ்வொரு படியிலும் டிஸ்க் உறுதிசெய்யும்வரை காத்திருந்தால் வேலை மெதுவாகும். ஆனால் அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கியூகவ்-2-இல் எண்ணிக்கைப் பதிவேட்டைத் தாமதித்து எழுதும் வசதி இருக்கிறது. படிமம் திறந்திருக்கும்போது ‘கணக்கு முடியவில்லை’ என்று ஒரு குறி போட்டுவைப்பார்கள். ஒழுங்காக மூடப்படாமல் போனால் அடுத்த முறை திறக்கும்போது முகவரி அட்டவணைகளைப் படித்துப் பதிவேடு மறுபடி கட்டப்படும். கணக்கு முடியாததை ஒளிக்காமல் வைத்துக்கொண்டே வேகத்தைப் பெற முடிகிறது என்பதை இது காட்டுகிறது.

இ-சேவை மையத்தில் ஐம்பது பேர் வரிசையில் நிற்கும்போது சேவை நின்றால் யார் பதில் சொல்வது என்பது உண்மையிலேயே கனமான கேள்வி. மரக்காணத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்ற பதில் கொடுமையானது. இருந்தாலும் அவரிடமிருந்து விண்ணப்பத்தை வாங்கி, ஒப்புகை எண்ணும் கொடுத்து, அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பதிவும் இல்லாமல் விடுவது அதைவிடக் கொடுமை. முதலாவதில் அவர் ஒரு நாளை இழக்கிறார், இரண்டாவதில் உரிமையையே இழக்கிறார். நிற்பதிலும் நயமான முறைகள் உண்டு. டிஸ்க்கில் இடம் தீர்ந்தால் கியூஎமு இயல்பாகவே மெய்நிகர் கணினியை அப்படியே உறையவைக்கும். நிர்வாகி இடம் கூட்டியதும் விட்ட இடத்திலிருந்து அது தொடரும். உள்ளே இருக்கும் தரவுத்தளத்துக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. அந்த நேரத்தில் நிர்வாகியின் கைபேசிக்குத் தகவல் போகிறதா, போனால் இரவு இரண்டு மணிக்கு எடுக்க ஆள் இருக்கிறதா என்பதை அரசுதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

அரசு இணையச் சேவைகள் வெளிவருமுன், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர்கள் அவற்றின் பாதுகாப்பைச் சோதிக்கிறார்கள். திருடன் நுழைவானா என்பது அந்தச் சோதனையின் கேள்வி. எழுத்து தவறினால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அதற்கு இணையான கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசு நிறுவனமான எல்காட் நிர்வகிக்கும் மாநிலத் தரவு மையத்துக்கான டெண்டரில், எந்த நிறுவனத்தின் சேமிப்பு மென்பொருளானாலும், டிஸ்க்கை முழுக்க நிரப்பியும், ஒதுக்கீட்டின் ஒவ்வொரு படியிலும் பிழையைப் புகுத்தியும், எழுதும் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்தும் பார்த்த முடிவைக் காட்டச் சொல்ல வேண்டும். ‘சரி’ என்று ஒப்புகை கொடுத்த ஒரு பதிவுகூடக் காணாமல் போகக் கூடாது என்பதே தேர்ச்சிக்கான அளவுகோலாக இருக்கட்டும். இது ஆடம்பரமான சோதனையல்ல. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டிங் யுவான் குழுவினர் 2014-இல் ஐந்து பெரிய தரவு மென்பொருள்களின் 198 தோல்விகளை ஆராய்ந்தார்கள். பேரளவில் சேவையை முடக்கிய தோல்விகளில் 92 சதவீதம், மென்பொருளே கண்டறிந்து சொன்ன பிழையைச் சரியாகக் கையாளாததால் வந்தவை. ஆராய்ந்த தோல்விகளில் பெரும்பாலானவற்றை மறுபடி நிகழ்த்த மூன்று கணினிகளே போதும்.

இதெல்லாம் வெளிநாட்டு நிரலாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, நாம் வாங்குபவர்கள்தானே என்று ஒதுங்கவும் முடியாது. கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் ஏற்றது. பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயக்க முறைமையை உருவாக்கிய, மத்திய அரசின் சி-டாக் மையம் சென்னையில்தான் இருக்கிறது. கியூஎமுவின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்து கிடக்கிறது. அதன் பிழைபுகுத்தும் சோதனைகளும் அதே தொகுப்பிலேயே இருக்கின்றன. டெண்டரில் இன்னொரு வரியும் வேண்டும்: சோதனையில் தென்பட்ட ஒவ்வொரு குறையும், அதற்குச் செய்த திருத்தமும், ஒப்பந்த நிறுவனத்தின் அலமாரிக்குள் தங்காமல் 30 நாட்களுக்குள் மூலத்திட்டத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.