தலையைக் குனியச் சொல்வது பாதுகாப்பு ஆகாது

கோடை விடுமுறை வந்தால் பேரன் பேத்திகளை நீச்சலுக்கும் செஸ்ஸுக்கும் அனுப்பினோம். இப்போது பாய்மரப் படகுப் பயிற்சிக்கும் அனுப்புகிறோம். நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதைப் பார்த்து என் நண்பர்கள் வீடுகளிலேயே இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான். ஆனால் இந்தப் பயிற்சியில் ஒரு விஷயத்தை நம் ஆட்கள் அலட்சியமாக எடுத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் கழிக்குப் பூம் என்று பெயர். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது பாய் படகுக்கு வெளியே ஒரு பக்கமாக முழுக்க விரிந்து நிற்கும். படகு கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்துவிடும். உடனே அந்தக் கழி படகின் குறுக்கே வீசி மறுபக்கம் போய் இடிக்கும். இதைத்தான் தற்செயல் ஜைப் என்கிறார்கள். காற்றை எதிர்த்துத் திரும்பும்போது பாய் படபடத்துத் தளர்ந்துவிடும்; அதில் வேகம் இராது. இதிலோ கழி முழு வேகத்தோடு அரைவட்டம் சுற்றி வருகிறது. குறுக்கே தலை இருந்தால் மண்டை உடையும். அடிபட்டவர் நினைவிழந்து தண்ணீரில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

2015 செப்டம்பரில், போர்த்துகல் கடலுக்கு அப்பால், கிளிப்பர் உலகச் சுற்றுப் போட்டியில் ஓடிய 70 அடிப் படகொன்றில் இப்படித்தான் ஒருவர் உயிரிழந்தார். தேர்ந்த தலைவர் இருந்த படகு அது.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் மருந்து என்ன? "பூம் வந்தால் தலையைக் குனி." கேட்டால், "கடல் என்றால் நாலு அடி படத்தான் செய்யும், சார்" என்று ஒரு சிரிப்பு வேறு. பத்து வயதுப் பிள்ளை குனிவதற்குள் கழி வந்துவிடும். சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டிவிட்டு, எதிரே வருபவனை ஒதுங்கத் தெரியவில்லை என்று திட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஹெல்மெட் போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஹெல்மெட் அடியைக் குறைக்குமே தவிர, கழி வருவதைத் தடுக்காது.

'தற்செயல்' என்ற சொல்லே பிழையானது. காற்று திடீரென்று திசை மாறுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நேர் பின்காற்றில், விளிம்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அந்தச் சிறு மாற்றம் வினையாகிறது. சென்னையில் பிற்பகல் கடற்காற்றில் போகிற படகை நினைத்துப் பாருங்கள். போகும்போது காற்று எதிரே; கரைக்குத் திரும்பும்போது முதுகில். பிள்ளைகள் களைத்து, பசித்து, அரட்டை அடித்துக்கொண்டு வரும் நேரம் அதுதான். பின்னாலிருந்து வரும் அலையும் படகின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பும்.

தடுப்பது பெரிய வித்தை இல்லை. நேர் பின்காற்றில் ஓட்டாமல் 15, 20 டிகிரி ஒதுங்கி ஓட்ட வேண்டும். கொஞ்சம் வளைந்து வந்தால் நேரம் கூடும், கூடட்டுமே! பாய்மர உச்சியில் உள்ள காற்றுகாட்டியை அடிக்கடி பார்க்க வேண்டும். முன்பாய் இருந்தால் அது துவண்டு மறுபக்கம் போகப் பார்க்கும். பெரிய பாயின் ஓரம் துடிக்கும். இவை எச்சரிக்கை. உடனே சுக்கான் பிடியைப் பூம் இருக்கும் பக்கம் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், ஆபத்து விலகும். பயத்தில் எதிர்ப்பக்கம் இழுத்தால் கழி வந்தேவிடும். இந்த ஒன்றைக் கரையிலேயே நூறு தடவை செய்ய வைக்கலாம். பூம் மேலே எழாமல் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும் இறுக்கி வைக்க வேண்டும்.

பூமை முன்பக்கம் இழுத்துக் கட்டிவிடலாமே என்பார்கள். பெரிய படகுகளில் அந்த வழக்கம் உண்டு. சின்னப் படகில், கட்டிய பாயில் காற்று மறுபக்கம் புகுந்தால் கயிற்றை அவிழ்ப்பதற்குள் படகே கவிழ்ந்துவிடும்.

பக்கம் மாற வேண்டுமென்றால் முன்கூட்டிக் குரல் கொடுத்து, பாய்க்கயிற்றை இழுத்துப் பூமை நடுவுக்குக் கொண்டுவந்து, திரும்பியவுடன் கயிற்றைத் தளர்த்த வேண்டும். காற்று பலமாக இருந்தால் ஜைப்பே வேண்டாம். காற்றை எதிர்த்துச் சுற்றித் திரும்பலாம். இதைக் கோழைத்தனம் என்று கேலி செய்யும் பெரிய பையன்களைத்தான் பயிற்சியாளர் முதலில் அடக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, கட்டணம் கட்டுமுன் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்காற்றில் பூம் வீசாமல் இருக்க எங்கள் பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவீர்கள்?" சுக்கானைப் பற்றிப் பேசினால் பணத்தைக் கட்டுங்கள். "குனியச் சொல்லித் தருவோம்" என்றால் பிள்ளையைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள்.