சத்தம் போடாத நோயாளிதான் முதலில்

ஆசிரியருக்கு,

பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் வார்டில் யாரை முதலில் பார்ப்பது என்பதைக் கணக்கு நோட்டு தீர்மானிக்காது.

எங்கள் கரிசலில் ஐப்பசி மழை விழுந்து, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் எழும்பும்போது பாம்பு நடமாட்டமும் கூடும். கண்ணாடி விரியன் கடித்தவர் வீக்கமும் வலியுமாக அலறுவார். கூட வந்த கூட்டம் நர்ஸைச் சுற்றி நிற்கும். தரையில் படுத்துக் கட்டுவிரியனிடம் கடிபட்டவருக்கோ வலி அதிகம் இராது, பல்தடம்கூடத் தெரியாமல் போகும். வயிற்றுவலி என்று வந்து ஓரக் கட்டிலில் கிடப்பார். இமை சொருகி, பேச்சு குழறினால் அடுத்தது மூச்சுதான். அவசரத்தைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிப்பது இவருக்காகத்தான். யார் எந்தக் கட்சிக்காரர் என்று பார்க்க அல்ல.

கண்ணாடி விரியன் கடிக்கான ரத்தம் உறையும் சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல். அதற்குள் அதே நர்ஸ் டிரிப் மாற்றி, பிரசவ வார்டுக்கும் ஓடினால் குழாயை யார் பார்ப்பது? பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு 1 செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு ஷிப்டில் அதைக் கண்டவர் இருந்தால் எழுதட்டும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்களில் ஐப்பசி முதல் தை வரையாவது இரவுப் பணிக்குக் கூடுதலாக ஒரு செவிலியரை நியமிக்கச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
எப்போதும்வென்றான்.