சத்தம் எந்த மேசையில் நின்றது?

போன தீபாவளி முடிந்து மூன்று வாரம் என் கம்ப்யூட்டரில் வீடியோ ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. பாரிசில் செய்தி வாசிக்கும் அம்மாள் வாயை அசைக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மகளிடம் சொன்னேன். "முதல்ல காது டெஸ்ட் எடுத்துருவோம்ப்பா" என்றாள். வெடிச் சத்தத்தில் பிழைக்கிற ஊரில் நாற்பது வருஷம் இருந்தவன் மீது அந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவளுக்கும் கேட்கவில்லை. அவளுக்கும் எழுபது ஆகிவிட்டதால் அந்தச் சாட்சியம் எடுபடவில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். உத்தியோகம் இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டது. சிவகாசியில் என்னோடு பிரெஞ்சு பேச ஆள் கிடையாது. காலையில் அந்த அரை மணி நேரம்தான் அம்மொழி என் காதில் விழுகிற நேரம்.

கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது பேரனுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பேரன் வேலைக்குப் போனதும் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, இதில் லினக்ஸ் மின்ட் போட்டு எனக்குத் தந்தான். பழைய மெஷினுக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ வகை.

கடைக்காரருக்கு போன் செய்தேன். பார்க்காமலேயே "சவுண்டு கார்டு போயிருக்கும் சார். லினக்ஸெல்லாம் வயசானவங்களுக்குச் சரிப்படாது, விண்டோஸ் போட்டுருவோம், 1,500 ரூபாய்" என்றார். கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பழைய ஆபீஸ் புத்தி வந்துவிடும்.

மனு கொடுத்தவர் மூன்று மாதம் கழித்து வந்து பதில் இல்லை என்றால், புது மனு எழுதச் சொல்வோமா? தன்பதிவேட்டைப் புரட்டி, கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்ப்போம். சத்தமும் கோப்பு மாதிரிதான் நகர்கிறது. வீடியோவிலிருந்து பிரவுசர், அங்கிருந்து பல்ஸ்ஆடியோ என்ற பிரிவு, பிறகு ஆல்சா, கடைசியில் ஸ்பீக்கர். 2017-ல் வந்த 52-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் ஆல்சாவிடம் நேராகப் போவதில்லை, பல்ஸ்ஆடியோ மூலம்தான். நம் பாஷையில், உரிய வழியாக.

கடைசி மேசையிலிருந்து ஆரம்பித்தேன். விஎல்சியில் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். கணீரென்று கேட்டது. (1996-ல் பாரிஸ் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வந்தது விஎல்சி. எனக்கு அதில் அற்பப் பெருமை உண்டு.) ஆக ஸ்பீக்கர் சரி, சவுண்டு கார்டு சரி, காதும் சரி. 1,500 ரூபாய் மிச்சம். அடுத்து பிரவுசர். தாவலில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் படத்தில் கோடு இல்லை. வீடியோவின் அடியில் இருக்கும் படத்திலும் இல்லை. சில தளங்கள் வீடியோவை ஊமையாகவே தொடங்குகின்றன. தானாகச் சத்தம் போடுவதை 2018-ல் குரோமும் 2019-ல் ஃபயர்பாக்ஸும் கட்டுப்படுத்தின. இங்கே அதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது நடு மேசை. வால்யூம் கன்ட்ரோலைத் திறந்து 'பிளேபேக்' பக்கத்துக்குப் போனேன். காலி. வீடியோவை நிறுத்திவிட்டு அல்லவா தேடுகிறேன்! ஓடவிட்டுப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸ் என்று ஒரு வரி வந்து நின்றது, அதன் பக்கத்தில் 'மியூட்' பொத்தான் அமுங்கி இருந்தது. ஒரு தட்டு. அம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

பல்ஸ்ஆடியோ ஒவ்வொரு செயலிக்கும் தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். ஒரு முறை ஊமையாக்கினால் மெஷினை நிறுத்திப் போட்டாலும் ஊமைதான். ரத்து செய்யும்வரை செல்லுபடியாகும் அரசாணை போல. ஆணை போட்டவன் என் பேரன். தீபாவளிக்கு விருந்தாளிகள் இருந்தபோது ஏதோ விளம்பரம் அலறியதாம். அடைத்துவிட்டு மறந்துவிட்டான்.

லினக்ஸ்காரர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. சத்தத்தை அடைக்க மூன்று இடம் வைத்துவிட்டு, எங்கே அடைபட்டது என்று சொல்ல ஓர் இடமும் வைக்காதது என்ன நிர்வாகம்? தாவலிலேயே ஒரு வரி காட்டினால் என்ன? ஆனால் அதைவிடப் பெரிய குறை பிள்ளைகள் மீதுதான். மவுஸைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டி, "சரியாயிருச்சு தாத்தா" என்று போய்விடுகிறார்கள். எதைத் தட்டினாய் என்றால் பதில் இல்லை. காரணம் தெரியாமல் சரியான கோளாறு மறுபடி வரும்போது, நாம் மறுபடி அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். நமக்கு வயதானதால் புரியாது என்பதை நான் ஒப்பமாட்டேன். மேசை மேசையாகத் தேடும் வித்தையை நாம்தான் முப்பது வருஷம் செய்தோம். பேரனிடம் சொல்லிவிட்டேன்: இனி எதை மாற்றினாலும் பக்கத்து நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டுப் போ.

காது டெஸ்டுக்கும் தனியாகப் போய் வந்தேன். இடது காது கொஞ்சம் மந்தமாம். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.