புழக்கடையில் இல்லாத பறவை

ராசிங்காபுரத்தில் ஹம்மிங் பறவை கிடையாது. போடிமெட்டிலும் கிடையாது, இந்தியாவிலேயே கிடையாது. ஏறத்தாழ 360 இனங்களும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. (மூன்று கோடி ஆண்டுப் பழைய எலும்புகளை ஜெர்மனியில் கண்டு கெரால்டு மேயர் 2004இல் எழுதினார் என்பது உண்மை. அங்கிருந்தும் போடிக்கு வெகுதூரம்.) ஆயினும் 'எங்கள் வீட்டு ஹம்மிங் பறவை' என்ற தலைப்போடு படங்கள் நமக்கு வந்தவண்ணம் இருக்கின்றன. அனுப்புவோரில் தமிழ் முதுகலை கற்றோரும் உண்டு.

படத்தில் இருப்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. பெயரில் என்ன இருக்கிறது என்பர் நண்பர். பெயரில்தான் பார்வை இருக்கிறது ஐயா! ஹம்மிங் பறவையை எதிர்பார்த்துக் கேமராவோடு நிற்பவர், அது அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் கணத்துக்காகவே காத்திருக்கிறார். நம் சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே உண்ணும். குழல் நீண்ட செம்பருத்தியாயின் அடியைத் துளைத்துத் திருடவும் செய்யும். அந்த அழகான களவு அவர் கண்ணில் படுவதில்லை. வகுப்பில் குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும் என்று கருப்பொருளை மனப்பாடம் செய்விக்கும் நாம், முருங்கைப்பூவில் தொங்கும் புள்ளின் பெயரைச் சொல்லித் தந்தோமா?

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவொண்ணாதது கூட்டுப் படம்.

சிலந்தி நூலால் கட்டி, பட்டைத் துணுக்கும் புழுக்களின் எச்சமும் ஒட்டி, வாயிலுக்கு மேல் சிறு இறவாரமும் இறக்கிப் பெட்டை கட்டும் கூடு, பார்ப்பதற்குக் கிளையில் சிக்கிய குப்பை போலிருக்கும். குப்பை போலிருப்பதே அதன் காவல். எம் வீட்டு மாதுளையில் அப்படியொன்று தொங்கியது. உள்ளே இரு குஞ்சுகள். படமெடுக்க வந்த நண்பர், பின்னணி சரியில்லை, இலை மறைக்கிறது என்றார். வாழைநாரால் கிளைகளை விலக்கிக் கட்டியது நம் கைதான், மறுக்கவில்லை. படம் அற்புதமாக வந்தது. மூன்றாம் நாள் காகமோ செம்போத்தோ கூட்டைக் கிழித்திருந்தது. தாய்ச்சிட்டு இரை கவ்விய அலகோடு மாலைவரை வந்து வந்து போயிற்று. அதை எவரும் படமெடுக்கவில்லை.

படங்களால்தானே பறவைகள்மீது ஆர்வம் பிறக்கிறது என்ற வாதம் எழும். மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர், தமிழிலும் எழுதியவர். அந்த எழுத்தில் தெரிவது, பறவையை நெடுநேரம் பார்த்த கண். இன்றைய ஆர்வமோ அதன்முன் சிவப்புப் போத்தலில் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடுகிறது. செம்பருத்தியும் வாழையும் பூத்துக் கிடக்கும் ஊரில் சர்க்கரைத் தண்ணீர்!

நண்பர் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுக்களைச் சன்னலருகே முக்காலி போட்டு வைத்திருக்கிறோம். மாதுளை அங்கிருந்து இருபதடி. இலை மறைத்தால் மறைக்கட்டும்.