அச்சு யாருடையது?

காஜாங் என்றதும் பலருக்குச் சாத்தே நினைவுக்கு வரும். 2017ஆம் ஆண்டு எம்.ஆர்.டி. இரயில் வந்த பிறகு, அதன் கடைசி நிலையமும் நினைவுக்கு வரலாம். இரப்பரை நினைப்பவர் மிகச் சிலரே. மலாயாவில் இரப்பர் வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்ட இடங்களுள் காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டமும் ஒன்று. காஜாங்கிற்கு அருகிலிருந்த பிராங் பெசார் தோட்டத்து நிலத்தில் இன்று புத்ராஜெயா நகரம் எழுந்து நிற்கிறது.

அண்மையில் காஜாங் வட்டாரப் பள்ளி ஒன்றின் காட்சிக்கலைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். 'என் ஊர்' என்பது கருப்பொருள். பாரிஸ் சாந்தில் வார்த்த சிற்றுருவங்கள் மேசைகளை நிறைத்திருந்தன. அவற்றுள் பல ஈபல் கோபுரங்கள், கரடிக்குட்டிகள், ரோஜா மலர்கள். எல்லாம் கடையில் வாங்கிய சிலிகோன் அச்சுகளில் வார்க்கப்பட்டவை. அவற்றில் பழுதில்லை, மாணவரின் ஊரும் இல்லை.

ஓர் ஓரத்தில் ஆறு சிறிய வீடுகள் வரிசையாக நின்றன. அருகில் பால் மங்கு ஒன்றும் உளி ஒன்றும் இருந்தன. வீடுகளின் கூரை சற்றுக் கோணலாக இருந்தது. தம் பாட்டி வாழ்ந்த தோட்டத்து வீடு அது என்றார் அதைச் செய்த மாணவி. அந்தத் தோட்டம் இப்போது இல்லை. படிகள் எத்தனை, சன்னல் எந்தப் பக்கம் எனப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டுக் களிமண்ணில் ஒரு வீட்டை வடித்திருக்கிறார். அதிலிருந்து அச்செடுத்து ஆறு முறை வார்த்திருக்கிறார். அடுக்கி வைத்ததும் அது லயமாகிவிட்டது.

பள்ளிக் கலைப் பணிகளில் மாணவர்கள் மூலவடிவத்தைத் தாங்களே உருவாக்க வேண்டும். கடை அச்சுகளைத் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. வார்ப்புக் கலையில் வார்ப்பது இறுதிப் படிதான். உற்று நோக்குதல், அளவெடுத்தல், வடித்தல் ஆகியவை அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. கடை அச்சை வாங்கும்போது அந்த உழைப்பை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்து விடுகிறோம். எஞ்சுவது, மாவைக் கரைத்து ஊற்றும் வேலை மட்டுமே.

மேலும், அச்சைத் தாமே செய்யும்போது அறிவியலும் கைவசப்படும். சிலிகோனை ஒரு மூலையில் மெல்லிய இழையாக ஊற்றினால், அது காற்றை வெளியே தள்ளிக்கொண்டு மேலே ஏறும். அவசரப்பட்டால் குமிழிகள் தங்கிவிடும். பிளாட்டினம் வினையூக்கி கொண்ட சிலிகோன், கந்தகம் கலந்த களிமண்ணின்மீது பட்டால் சரியாக இறுகாது. பாரிஸ் சாந்து என்பது சூடாக்கி நீர் குறைக்கப்பட்ட ஜிப்சம். நீர் கலந்ததும் மீண்டும் ஜிப்சமாக மாறி, வெப்பத்தை வெளியிட்டு இறுகுகிறது. இறுகும்போது சற்றே விரிவதால், அச்சின் நுண்ணிய கோடுகளையும் பதிவு செய்கிறது.

அந்த வெப்பத்தை விளையாட்டாக எண்ணிவிடக்கூடாது. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கலை வகுப்பில் கைகளையே சாந்துக்குள் வைத்த மாணவி ஒருவர் கடும் தீக்காயத்தால் தம் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தார். உடலுறுப்பை ஒருபோதும் சாந்தில் பதிக்கக்கூடாது. மாவைக் கலக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். எஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இறுகிய பின் குப்பையில் போட வேண்டும்.

சிலிகோன் விலை மிகுந்தது, பள்ளி நேரமும் போதாது என்று சிலர் கூறலாம். இக்கூற்றில் நியாயம் உண்டு. எனினும், ஐவர் கொண்ட குழு ஒரே மூலவடிவத்தைச் செய்தால் செலவு பகிரப்படும். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவத்திற்குச் சிலிகோனும் குறைவாகவே தேவைப்படும். நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு வாரம் வடித்தல், மறுவாரம் அச்செடுத்தல், அதற்கடுத்த வாரம் வார்த்தல் எனப் பிரித்துக்கொள்ளலாம். பத்து உருவங்களை வாங்கிய அச்சில் வார்ப்பதைவிட, ஒன்றைச் சொந்தமாக வடிப்பதே பயனுடையது.

தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. மங்கு, பெரட்டுக்களம், ஆயாக் கொட்டகை ஆகிய சொற்களை அறிந்தவர்களும் முதுமை அடைந்து வருகின்றனர். ஆயாக் கொட்டகையில் தூளி எங்கே தொங்கியது, மங்கு மரத்தில் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. ஈபல் கோபுரத்தின் அச்சு நாளையும் கடையில் கிடைக்கும். பாட்டி வாழ்ந்த வீட்டின் அச்சு எந்தக் கடையிலும் கிடைக்காது. அடுத்த கலைப் பணிக்குக் கடைக்குப் புறப்படும் முன், மாணவர்களே, வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் அருகில் சற்று நேரம் அமருங்கள். உங்கள் மூலவடிவம் அவருடைய நினைவில் இருக்கக்கூடும்.