ஏமாற்றியது கம்பெனி, மாட்டிக்கொண்டது கார்க்காரர்!

ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் கம்பெனி டீசல் கார்களில் செய்த தில்லுமுல்லு 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமானது. சோதனையின்போது மட்டும் புகையை அடக்கி, ரோட்டில் இறங்கியதும் 40 மடங்கு வரை நச்சு வாயு கக்கும்படி "வேலை" செய்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்!

காசு கொடுத்து வாங்கியவர் என்ன குற்றம் செய்தார்? ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜெர்மனியில் அவர் தலையிலும் ஒரு பொறுப்பு விழுந்தது. காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய வேண்டும், செலவு கம்பெனியுடையது. "எனக்கென்ன?" என்று இருந்தவர்களின் கார் ஓடவே அதிகாரிகள் தடை போட்டார்கள்.

அமெரிக்காவில் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க 2016-லேயே வழி பிறந்தது. ஜெர்மனியிலோ, பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஓட்டிய தூரத்துக்குக் கழிவு உண்டு என்று உச்ச கோர்ட்டு 2020 மே மாதம்தான் தீர்ப்புச் சொன்னது.

குற்றம் கம்பெனியுடையதுதான். ஆனால் யார் குற்றம் என்று பார்த்தா புகை மூச்சில் ஏறுகிறது?